முந்தின வேலை ஏன் ஒத்துவரலை?

விரிஞ்சிபுரத்திலிருந்து ராணிப்பேட்டைக்கு வருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வேலூரில் பஸ் மாறினால் போதும், உட்கார இடமும் கிடைத்துவிடுகிறது. ஆம்பூருக்குப் போவதும் ஏறக்குறைய இதே தூரம்தான். அதனால் வீட்டுக்குப் பக்கம் என்று வருகிறேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். இன்டர்வியூவில் அந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை வருஷம் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் எச்.ஆர். மேனேஜராக இருந்த ஆள், முதலாளியிடம் நல்ல பேர் வாங்கின ஆள், ஏன் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்? அந்த வேலை ஏன் ஒத்துவரவில்லை? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே பூசி மெழுக மனசு வரவில்லை. பதில் கொஞ்சம் நீளம். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாலிடெக்னிக் முடித்த பையன்கள் எங்கேயோ கோச்சிங் போய்விட்டு என்னிடம் இன்டர்வியூவுக்கு வருவார்கள். "அங்க வளர்ச்சிக்கு வாய்ப்பில்ல சார்" என்று ஒப்பிப்பார்கள். சூப்பர்வைசரோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு வெளியே வந்தவனும் அதையேதான் சொல்வான். அந்தப் பேச்சில் எனக்கு அக்கறை கிடையாது. எனக்கு வேண்டியது லைனில் உட்காருகிறவர்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் என்று சுற்றுப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள். அவர்களுக்கு இன்டர்வியூவில் எப்படிப் பேசவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வந்து உட்கார்ந்ததும் டீ வரவழைப்பேன். கண்ணாடி டம்ளரில், நான் குடிக்கிற அதே டீ. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவள் ரெண்டு வாய் குடித்ததும் கொஞ்சம் பின்னால் சாய்வாள். அப்போதுதான் கேட்பேன், "முந்தின வேலை ஏன் ஒத்துவரலைம்மா?" பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கிற மாதிரிதான் கேட்பேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கட்டின புருஷனிடம் சொல்லாததைக்கூட என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் நடுவில் குறுக்கிடமாட்டேன். காதுகொடுத்துக் கேட்பது ஒரு வேலை, அது எனக்கு நன்றாக வந்தது.

எதற்குக் கேட்டேன் என்றால், ஆள் நிற்பதில்லை. இந்தத் தலைவலி உங்களுக்கும் இருக்கும். ஒரு கம்பெனி கேன்டீனில் வாரத்துக்கு ஒரு நாள் முட்டை போட்டால் அடுத்த வாரம் ஒரு பஸ் ஆளே அந்தப் பக்கம் திரும்பிவிடும். எல்லாரையும்போல நானும் முட்டை போட்டுப் பார்த்தேன். பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன். ஒரு ஆள் நம்மிடம் நிற்கவேண்டுமென்றால் இங்கே நன்றாக இருக்கிறது என்று காட்டவேண்டிய அவசியமே இல்லை. வேறு எங்கேயும் போகமுடியாது என்று ஆகிவிட்டால் போதும்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தரை எடுப்பதற்கு முன்னால் அவர் கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு போன் போடுவோம். "ஆள் எப்படிங்க?" என்போம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வரியில் பதில் வரும். அதற்குமேல் யாரும் துருவுவதில்லை, துருவினால் மரியாதையாக இருக்காது. வாணியம்பாடியில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்குமா என்பது ஆம்பூரில் இருக்கிற என்னுடைய ஒரு வரியில் இருந்தது. அந்த ஒரு வரிக்கு வேண்டிய சரக்கு முழுவதையும் அந்தப் பெண்ணே டீ குடித்துக்கொண்டு எனக்குக் கொடுத்திருப்பாள்.

செல்லம்மாள் என்று ஒருத்தி. "அங்க சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் கத்துவாரு சார், எனக்குக் கை நடுங்கிடும், தையல் கோணிடும்" என்று சொன்னாள். எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் வேறு இடத்துக்குப் போகப் பார்த்தாள். போன் வந்தது. "கை நடுங்குமுங்க" என்று மட்டும் சொன்னேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், எங்கள் கம்பெனியிலேயே அதிகமாகக் கத்துகிற சூப்பர்வைசரின் லைனில். அந்த லைனில் வேறு யாரும் ஒரு மாசம் தாண்டுவதில்லை. செல்லம்மாள் தாண்டினாள். இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். என் சர்வீஸ் முழுக்க நான் போனில் பொய் சொன்னதே இல்லை.

ரஃபத் ஜஹான் வந்தது போன வருஷம், ரம்ஜான் முடிந்த கையோடு. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். புருஷன் பெங்களூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். இவளும் தங்கை சைராவும் ஆம்பூரில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். பர்தாவைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீயைக் குடித்தாள், நான் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேல ஒத்துவந்துச்சு சார். காத்துதான் ஒத்துவரல. பேஸ்டிங்ல ஒக்கார வெச்சாங்க. அந்தப் பசை வாசனைக்கு நெஞ்சு இழுத்துக்குது. ஒரு வாட்டி மயங்கி மிஷின் மேலயே விழுந்துட்டேன். வேலூர்ல டாக்டரம்மா, இனிமே அந்தப் பசை பக்கமே போவாத, போனா உன் உசுருக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டாங்க. ஸ்டிச்சிங் குடுங்க சார். எவ்ளோ ஜாஸ்தி வேலன்னாலும் செய்றேன். பேஸ்டிங் மட்டும் வேணாம்."

ஸ்டிச்சிங் கொடுத்தேன். அவள் தைத்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தோலைத் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எந்தப் பக்கம் உள்பக்கம் என்று சொல்லமுடியாது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, மகளைப் பிடிக்கிற மாதிரியான பிடிப்புதான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது "சலாம் சார்" என்பாள், நானும் நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு புதுக் கம்பெனி திறந்தார்கள். எங்கள் பேஸ்டிங் லைன் பெண்கள் பாதிப்பேர் ஒரே வாரத்தில் அங்கே போய்விட்டார்கள். பேஸ்டிங்கைப் பற்றி உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தையலுக்குப் போவதற்கு முன்னால் தோல் துண்டுகளைப் பசை தடவி ஒட்டுகிற இடம். புகையை வெளியே இழுக்க ஃபேன் இருக்கிறது. ஆனால் ஃபேன் ஓடினால் டப்பாவிலேயே பசை ஏடு கட்டிவிடும், திரும்பத் திரும்பப் புது டப்பா உடைக்கவேண்டும், லைன் மெதுவாகும். அதனால் எங்கள் கம்பெனியில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்திவிடுவோம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வருகிற நாளில் மட்டும் ஃபேன் ஓடும், எல்லார் மூக்கிலும் மாஸ்க் இருக்கும். பையர் கார் கேட்டைத் தாண்டினதும் ஃபேன் நின்றுவிடும். இது என் உத்தரவு இல்லை, எனக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். நான் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

லைன் காலி, ஷிப்மெண்ட் தலைக்குமேல். நான் நிதானமாக யோசித்தேன். மூச்சு நன்றாக இருக்கிற பெண்ணைப் பேஸ்டிங்கில் போட்டால் அடுத்த மாசமே போய்விடுவாள், அவளை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும். போகமுடியாத ஆளைத்தான் அங்கே உட்காரவைக்கவேண்டும். நெஞ்சு சரியில்லை என்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். அப்படி ஒரு ஆள் எங்களிடம் இருந்தாள். இதில் கோபமோ வஞ்சமோ எதுவும் கிடையாது. சரியான ஆளைச் சரியான இடத்தில் வைப்பதுதானே எச்.ஆர். வேலை?

கூப்பிட்டுச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சார், உங்ககிட்ட சொன்னேன் இல்ல, வந்த அன்னிக்கே?"

"ஆமாம்மா, சொன்னே. ஞாபகம் இருக்கு. ஷிப்மெண்ட் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன், மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. அவள் "சரி சார்" என்று போய்விட்டாள். என்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அப்படி ஒருத்தர் நம்மை நம்புவது மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

பேஸ்டிங் சூப்பர்வைசர் கோவிந்தம்மாள் வாய் நீளம், ஆனால் கெட்டவள் இல்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னா சார் நீங்க, அந்த ரஃபத்தை எங்கிட்ட தள்ளிட்டீங்க? மூச்சு விட்டா விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வருது. ஃபேன் போடுக்கான்னு கெஞ்சுது. போட்டா மேல இருந்து சத்தம் போடறாங்க. ஸ்டிச்சிங்குக்கே அனுப்பிடுங்க சார், புண்ணியமாப் போவும். என் லைன்ல ஏதனா ஆய்ட்டா எனக்குத்தான் பேஜாரு."

"யோசிக்கிறேன்" என்றேன். உண்மையாகவே யோசித்தேன். ஒருத்திக்கு இருமல் என்று இடம் மாற்றினால் நாளைக்கு லைனே இருமும். அவளை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது? ஷிப்மெண்ட் போயிற்று, அடுத்த ஷிப்மெண்ட் வந்தது. அவள் அதே இடத்தில் இருந்தாள். காலையில் சலாம் சொல்லும்போது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வந்த பிறகுதான் சொல்வாள்.

அப்புறம் அவள் வேறு வேலை தேட ஆரம்பித்தாள். வாணியம்பாடியிலிருந்து போன் வந்தது, மேல்விஷாரத்திலிருந்தும் வந்தது. என் ஒரு வரியைச் சொன்னேன். அவள் லைனுக்குத் திரும்பினாள்.

ஒரு நாள் வேலை விட்டுப் போகிற நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. ராணிப்பேட்டைல பேக் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். துணிப் பை, தையல் மட்டும்தானாம். பசையே கெடையாதாம், ஷெட்டு நாலு பக்கமும் தொறந்து காத்தாடுதாம். நான் இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் போய்ட்டு வந்தேன் சார். நல்லாத்தான் பேசறாங்க. கூப்பிடறோம்னு சொல்றாங்க, கூப்பிட மாட்டேங்கறாங்க. பழைய வேலய ஏன் வுடறேன்னு கேக்கறப்ப நான் இன்னாமோ தப்பா சொல்றேன் போல. நீங்க எத்தன பேரை இன்டர்வியூ எடுத்திருக்கீங்க, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்."

சொல்லிக்கொடுத்தேன். அதில் நான் குறைவைக்கவில்லை. பழைய கம்பெனியைக் குறை சொல்லக்கூடாது, சூப்பர்வைசர் பேரை எடுக்கக்கூடாது, எது ஒத்துவரவில்லை என்பதை மட்டும் அமைதியாகச் சொல்லவேண்டும், அதோடு என்ன வேலை நன்றாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றேன். "மறைக்காதேம்மா. மறைச்சா மூஞ்சில தெரிஞ்சிடும். உள்ளது உள்ளபடி சொல்லு." நானே மேனேஜர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டேன். முதல் தடவை பாதியில் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், மறுபடியும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கடைசியில் அழகாக வந்தது.

"அங்க எல்லாரும் நல்லவங்க சார். வேலயும் எனக்குப் புடிக்கும். பசை வாசனை மட்டும் என் நெஞ்சுக்கு ஒத்துக்கல. காத்தாடற எடமா இருந்தா யாருக்கும் கொறவில்லாம தைப்பேன்."

இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், ஒத்துவராத வேலையைப் பற்றி இப்படித்தான் பேசவேண்டும் என்று அதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அவளிடமும் சொன்னேன், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று. எழுந்திருக்கும்போது தயங்கினாள்.

"எப்படியும் உங்களுக்குத்தான் சார் போன் பண்ணுவாங்க. ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க."

"உண்மையைச் சொல்றேன்மா."

"அது போதும் சார்" என்றாள்.

போன் வந்தது. பேக் கம்பெனி மேனேஜருக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது, குரலிலேயே தெரிந்தது. "பொண்ணு ரொம்ப நேர்மையா பேசுதுங்க. எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஆள் எப்படிங்க?" என்றார். நான் சொன்னேன், "நல்ல வேலைக்காரிங்க, கையில குறையே இல்ல. நெஞ்சு மட்டும் சுத்தமா சரியில்ல. நாளைக்கு உங்க ஷெட்ல விழுந்தா நீங்க பதில் சொல்லவேண்டி வரும், அதனால சொல்றேன்." "அப்படியா, சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மீதியைக் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாரம் ஸ்டிச்சிங்கில் இடம் காலியாக இருந்தது. ஒரு பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள், மிஷின் உறை போட்டுக் கிடந்தது. போனை வைத்த பிறகு நான் ஸ்டிச்சிங் பக்கம் போய் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரஃபத்தை இங்கே கொண்டுவந்துவிட்டால் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. லேசாகத் தெரிந்தது என்றெல்லாம் இல்லை, தெளிவாகவே தெரிந்தது. பேஸ்டிங்கிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதும் அதே தெளிவோடு தெரிந்தது. டாக்டரம்மா சொன்னது என் காதில் இருந்தது. ஆனால் அவளை மாற்றினால் பேஸ்டிங் லைன் கலைந்துவிடும். டிசம்பர் ஷிப்மெண்ட் வரைக்கும் தாங்குவாள் என்று நினைத்தேன், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

மழை நாள். ஈரத்தில் பசை காயவில்லை என்று லைனில் கூடவே ஹீட்டரும் வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அவள் மேஜையில் தலையைச் சாய்த்தாள். கோவிந்தம்மாள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அவளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பெனி வேனில் வேலூருக்குக் கிளம்பினோம், நானும் கூடப் போனேன். வேறு எந்த மேனேஜராவது போயிருப்பாரா என்று தெரியாது. கோவிந்தம்மாள் மடியில் தலை, கால் என் பக்கம். பேச முடியவில்லை, உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"சார்... ராணிப்பேட்டைலேருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. சொன்னது பொய் இல்லை, போன் வந்தது உண்மைதானே. கடைசி நேரத்தில் ஒருத்திக்கு நிம்மதி கொடுக்கமுடிந்ததே என்று எனக்கு ஒரு திருப்தி. பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டின பிறகு அவளுக்கு மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் வியாதி என்று சொன்னார்கள். முதலாளி செய்யவேண்டியதைச் செய்தார். போலீஸ் வரவில்லை, வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. ராத்திரி வீட்டில் நான் அழுதேன். நடிப்பு இல்லை. அப்படி ஒரு தையல் கை இனிமேல் கிடைக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதனால் நான் வேலையை விடவில்லை. அதன்பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆள் எடுத்தேன்.

தை மாசத்தில் சைரா வந்தாள், ரஃபத்தின் தங்கை. வேறு ஒரு கம்பெனியில் கட்டிங்கில் இருந்தாளாம். டீ வந்தது, அவள் தொடவில்லை. என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முந்தின வேலை ஏன் ஒத்துவரலைம்மா?"

"எல்லாம் ஒத்துவந்துச்சு சார். இது வீட்டுக்குப் பக்கம். அவ்ளோதான்."

"சூப்பர்வைசர் எப்படி?"

"நல்லவரு சார்."

"உடம்புக்கு ஏதாவது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். எந்த செக்‌ஷன் குடுத்தாலும் சரி. பேஸ்டிங் குடுத்தாலும் சரி."

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரங்கல் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினாள். பேஸ்டிங்கில்தான் ஆள் வேண்டியிருந்தது, அங்கேயே போட்டேன். இருமுகிறாளா என்று ஒரு வாரம் நின்று பார்த்தேன். என் எதிரில் இருமவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பின பிறகு இருமினாளா என்று எனக்குத் தெரியாது.

சைராவுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அப்படியே ஆகிவிட்டார்கள். பேரணாம்பட்டிலிருந்து வருகிறவளும் வீட்டுக்குப் பக்கம் என்கிறாள். அவள் வீட்டு வாசலிலேயே ரெண்டு கம்பெனி இருக்கிறது. யாருக்கும் தலைவலி இல்லை, யாருடைய சூப்பர்வைசரும் கத்துவதில்லை, யாருக்கும் எந்த வேலையும் ஒத்துவராமல் போனதில்லை. டீயை மேஜையில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பஸ்ஸில் சைரா பேசினாளா, கோவிந்தம்மாள் பேசினாளா தெரியாது. ஆம்பூரில் என்னிடம் உண்மை சொல்ல ஆள் இல்லை. உண்மை தெரியாமல் என்னால் ஒரு ஆளைக்கூடப் பிடித்துவைக்க முடியவில்லை. போன் வந்தால் சொல்வதற்கு ஒரு வரி இல்லை. லைன் மறுபடியும் காலியாக ஆரம்பித்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே கூசிற்று. இதுதான் சார் காரணம். அந்த வேலை எனக்கு ஒத்துவராமல் போனது இதனால்தான்.

நீங்கள் ஏன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் போன் செய்தது நீங்கள்தான். உள்ளே வந்ததும் உட்காருங்க என்றீர்களே, அப்போதே குரல் தெரிந்துவிட்டது. இந்த ஷெட் உண்மையிலேயே நாலு பக்கமும் திறந்துதான் இருக்கிறது, வரும்போது பார்த்தேன். நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கப்படி நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். அவளைக் கொன்றது நான். உறை போட்ட மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். யாராவது வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டது நீங்கள்தான். அதுவும் பழைய வேலை ஏன் ஒத்துவரவில்லை என்றுதான் கேட்டீர்கள்.

வெளியே பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வரும்போது ஒருத்தி எழுந்து இடம் விட்டாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டேன். காவேரிப்பாக்கம் என்றாள். அதோடு நிறுத்தாமல், பழைய இடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, கால் வீங்கிப்போகிறது, அதனால்தான் வந்தேன் என்றும் அவளாகவே சொன்னாள். இந்தப் பக்கத்தில் என்னை யாருக்கும் தெரியாது சார். சம்பளம் நீங்கள் பார்த்துக் கொடுப்பதுதான். ஆள் எடுக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள், என்னிடம் அவர்கள் மனசைத் திறந்து பேசுவார்கள்.